இடுப்பில் படும் கதிரும் குறைந்துபோகும் குருதியும்: மலையகப் பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கிய பெண்கள் அதைப் பாதியில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்புவதற்குப் பல காரணங்கள் உண்டு. பஸ் காசு, இழக்கப்படும் வேலை நாட்கள், லயத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லாமை என்பன எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் இருக்கிறது. "ரத்தம் கொறஞ்சிருச்சின்னு சொல்லிட்டாங்க" என்பதுதான் அது.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவள். தாதியாகப் பணியாற்றிய ஆண்டுகளில் ஒரு பெரும் பகுதியைப் புற்றுநோய் விடுதிகளில் கழித்தேன். கதிர்வீச்சுச் சிகிச்சையை எங்கள் பக்கத்தில் "கரண்ட் புடிக்கிறது" என்றுதான் சொல்வார்கள். வாராவாரம் எடுக்கப்படும் குருதிப் பரிசோதனைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மிஸ்ஸி, எனக்கு ரத்தமே இல்லையாம். இனி கரண்ட் புடிச்சி என்னத்துக்கு? ஊட்டுக்குப் போய்ப் புள்ளைங்களோட இருந்துட்டுப் போறேன்" என்று கேட்ட பெண்கள் பலர். அவர்களில் சிலர் உண்மையிலேயே போய்விட்டார்கள். "லே அடுய்" என்று சிங்களத்தில் சொல்லப்பட்ட இரண்டு சொற்களை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற தீர்ப்பாக அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குருதி குறைவது நோய் வென்றுவிட்டதன் அடையாளம் அல்ல. இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது வைத்தியர்கள் முன்கூட்டியே எதிர்பார்க்கும் பக்கவிளைவு அது. பெரும்பாலான வேளைகளில் சமாளிக்கக்கூடியது. சில வேளைகளில் உயிராபத்தானது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நோயாளியும் வீட்டாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இதை வாசிப்பவர்களில் 1977, 1983 வன்முறைகளின் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களுக்குச் சென்று குடியேறி, பின்னர் போரின் சுமையையும் முழுமையாகச் சுமந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இருப்பீர்கள். கண்டிக்கோ மகரகமைக்கோ செல்லும் தோட்டத்துப் பெண்ணுக்குச் சொல்லப்படுவது, தெல்லிப்பழைக்கோ மட்டக்களப்புக்கோ செல்லும் பெண்ணுக்கும் அப்படியே பொருந்தும்.

இடுப்புக்கும் குருதிக்கும் என்ன தொடர்பு?

கருப்பைக் கழுத்து, கருப்பை உட்சுவர், யோனி ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களுக்கு இடுப்புக் கூட்டின் மீது கதிர்வீச்சு கொடுக்கப்படுகிறது. பொதுவாக வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரங்கள். அதன் பின்னரோ அதன் இறுதிப் பகுதியிலோ, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு உடலின் உள்ளேயே கதிர்மூலத்தை வைத்துக் கொடுக்கும் உட்கதிர்ச் சிகிச்சையும் சில தடவைகள் நடக்கும்.

நோய் இருப்பது கருப்பையில், கதிர் படுவது இடுப்பில், அப்படியிருக்க உடல் முழுவதும் ஓடும் குருதி ஏன் குறைய வேண்டும்? விடை எலும்புக்குள் இருக்கிறது. குருதி அணுக்கள் பிறப்பது எலும்புகளின் உள்ளே இருக்கும் என்பு மச்சையில். சிறு வயதில் உடலின் எல்லா எலும்புகளிலும் இந்த வேலை நடக்கும். வளர்ந்த பின்னர் கை, கால்களின் நீண்ட எலும்புகளில் பெரும்பாலும் அது நின்று, இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு போன்றவற்றில் மட்டும் தொடரும். வளர்ந்த ஒருவரின் வேலை செய்யும் மச்சையில் ஏறத்தாழ 40 வீதம் இடுப்புப் பகுதி எலும்புகளில் இருக்கிறது. கதிர் கீழ் முதுகெலும்பு வரை நீளும்போது இந்தப் பங்கு இன்னும் கூடும்.

தோட்டத்தில் தேயிலைக் கன்றுகளை வளர்க்கும் இடத்துக்குத் தவறணை என்று பெயர். யாழ்ப்பாணத்து வாசகர்கள் அதைக் கள்ளோடு சேர்த்து நினைக்க வேண்டாம். என்பு மச்சையைக் குருதியின் தவறணை என்று சொல்லலாம். மலையில் ஏற்கனவே நிற்கும் செடிகளுக்கு இன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தவறணையில் பாதிக்கு நெருப்பு வைத்தால், பட்டுப்போகும் செடிகளுக்குப் பதிலாக நடுவதற்குக் கன்று இராது. கதிர்வீச்சு வேகமாகப் பிரிந்து பெருகும் அணுக்களையே முதலில் தாக்குகிறது. புற்றுநோய் அணுக்கள் அப்படிப் பெருகுவதால்தான் அது மருந்தாகிறது. மச்சையில் குருதியை உருவாக்கும் அணுக்களும் அப்படியே பெருகுவதால், அவையும் கூடவே அடிபடுகின்றன.

எது முதலில் குறையும்?

எல்லா அணுக்களும் ஒரே நாளில் குறைவதில்லை. ஒவ்வொன்றின் ஆயுளையும் பொறுத்து அது மாறும்.

வெண்குழியங்களில் நிணநீர்க் குழியங்கள் எனப்படும் வகை கதிர்வீச்சுக்கு மிக எளிதில் அழியக்கூடியது. முதல் ஓரிரு வாரங்களிலேயே அதன் எண்ணிக்கை விழத் தொடங்கிவிடும். கிருமிகளோடு முன்னணியில் நின்று போராடும் நியூட்ரோபில் எனப்படும் வெண்குழியம் குருதியில் ஒரு நாளைக்கு மேல் நிற்பது அரிது. மச்சையின் இருப்புத் தீரும்போது அதுவும் குறையும். குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகள் எட்டு முதல் பத்து நாட்கள் வாழும். அவற்றின் வீழ்ச்சி அடுத்து வரும். டெங்கு வந்த நாளிலிருந்து "பிளேட்லட்" என்ற சொல்லை அறியாத வீடு இலங்கையில் இல்லை. அதுவேதான் இது.

ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வது. ஆகவே கதிர்வீச்சினால் மட்டும் ஏற்படும் குருதிச்சோகை மெதுவாகவே வரும். ஆனால் நடைமுறையில் எங்கள் பெண்களிடம் முதலில் பிரச்சினையாவது இந்தச் செங்குழியம்தான். ஏனென்றால் அவர்கள் சிகிச்சைக்கு வரும்போதே குருதிச்சோகையுடன் வருகிறார்கள்.

மலையிலிருந்தே தொடங்கும் குறைவு

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் முதல் அடையாளங்களில் ஒன்று ஒழுங்கற்ற குருதிப்போக்கு. மாதவிடாய் நின்று ஆண்டுகள் கழிந்த பின் வரும் குருதி, கணவனுடன் சேர்ந்த பின் வரும் குருதி, இரு மாதவிடாய்களுக்கு இடையில் வரும் குருதி எல்லாம் இதில் அடங்கும். கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு நாள் முழுதும் மலையில் நிற்கும் பெண், துணியை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இதை மறைத்து விடுகிறாள். கங்காணியிடம் சொல்ல முடியாது. தோட்ட மருந்தகத்தில் இருப்பவர் ஆணாக இருந்தால் அங்கும் சொல்ல முடியாது. வைத்தியசாலைக்கு வரும்போது உடலிலிருந்து எவ்வளவோ இரும்புச்சத்து வெளியேறியிருக்கும்.

அதற்கு முன்பே இருக்கும் குறைவு வேறு. அடுத்தடுத்த பிரசவங்கள், இறைச்சியும் மீனும் அரிதாகவே சேரும் சாப்பாடு, கொக்கிப்புழு என்று அதற்கு நீண்ட வரலாறு உண்டு. ராக்பெல்லர் அறக்கட்டளை 1916ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து தோட்டத் தொழிலாளரிடையே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியதே, அந்தப் புழு தொழிலாளரின் குருதியை உறிஞ்சி அவர்களின் வேலைத் திறனைக் குறைத்ததால்தான். இன்று நிலைமை அன்றுபோல் இல்லை. ஆனால் செருப்பில்லாமல் மலையேறுவதும், ஒழுங்கான மலசலகூடம் இல்லாத லயங்களும் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

இன்னொன்று, நாங்கள் பறிக்கும் தேயிலையே. ரொட்டியும் சாயத்தண்ணியும் சேர்ந்ததுதான் பல வீடுகளில் காலைச் சாப்பாடு. தேயிலையிலுள்ள தனின் வகைப் பொருட்கள், தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதைக் கணிசமாகத் தடுக்கின்றன. தேத்தண்ணியை விட வேண்டியதில்லை. சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தாலே போதும். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது மாத்திரையின் பெரும் பங்கை வீணாக்குவதாகும். அதைத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்க வேண்டும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரமான இடங்களில் காற்றில் ஒட்சிசன் குறைவு என்பதால், அங்கே வாழ்பவர்களின் ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். எனவே உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்கு வகுத்துள்ள 12 என்ற எல்லையை ஒருவர் தொட்டுக்கொண்டிருந்தாலும், மலையுச்சியில் வாழும் பெண்ணுக்கு அது உண்மையில் சிறு குறைவாக இருக்கலாம்.

குருதி குறைந்தால் கதிர் ஏன் வேலை செய்யாது?

வைத்தியர்கள் ஹீமோகுளோபினைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது நோயாளியின் களைப்புக்காக மட்டும் அல்ல. கதிர்வீச்சு புற்றுநோய் அணுவின் மரபுப்பொருளை உடைக்கிறது. அந்த உடைவை நிரந்தரமாக்குவதற்கு அருகில் ஒட்சிசன் இருக்க வேண்டும். ஒட்சிசன் இல்லாத இடத்தில் இருக்கும் அணுவைக் கொல்ல, ஒட்சிசன் உள்ள இடத்தில் தேவைப்படுவதைவிட ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படுகிறது. பெரிய கட்டியின் நடுப்பகுதிக்கு எப்படியும் ஒட்சிசன் குறைவாகவே போய்ச் சேரும். அதைச் சுமந்து செல்லும் செங்குழியமும் குறைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆகவேதான் கதிர்வீச்சுக் காலத்தில் ஹீமோகுளோபினை 10க்குக் கீழே போகவிடாமல் வைத்திருக்கப் பல சிகிச்சை நிலையங்கள் முயல்கின்றன. தேவைப்பட்டால் குருதி ஏற்றுகிறார்கள். ஒரு பைக் குருதி ஏறத்தாழ 1 கிராம் அளவுக்கு ஹீமோகுளோபினை உயர்த்தும். செங்குழிய உற்பத்தியைத் தூண்டும் ஊசியை எல்லோருக்கும் போட்டு விடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அப்படிச் செய்து பார்த்த ஆய்வுகளில் குருதி நாளங்களில் கட்டி உறைவது கூடியது. எனவே அதை வழமையாகப் பயன்படுத்துவதில்லை.

குருதி ஏற்ற வேண்டும் என்றவுடன் தோட்டத்துக் குடும்பங்கள் பயப்படுவது, குருதி கொடுக்க ஆள் கொண்டுவரச் சொல்வார்களோ என்றுதான். இலங்கையின் அரச குருதி வங்கிகள் 2014ஆம் ஆண்டிலிருந்து முழுமையாகத் தன்னார்வக் கொடையாளர்களை நம்பியே இயங்குகின்றன. உங்கள் மனைவிக்கோ அம்மாவுக்கோ ஏற்றப்படும் குருதிக்கு நீங்கள் பணம் கட்டவோ பதிலுக்கு ஆள் பிடிக்கவோ வேண்டியதில்லை. யாரென்று தெரியாத ஒருவர் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். குருதி கிடைக்காமல் உயிர்கள் போனதைக் கண்ணால் கண்ட வன்னி மக்களுக்கு அதன் பெறுமதியை நான் சொல்லித் தரத் தேவையில்லை. உடல்நலமுள்ள ஒருவர் நான்கு மாதங்களுக்கு ஒரு முறை குருதி கொடுக்கலாம்.

வாரம் ஒரு முறை ஏறும் மருந்து

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு சேர்த்து வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தும் ஏற்றுவது 1999ஆம் ஆண்டிலிருந்து உலகெங்கும் வழமையாகியது. இது கதிர்வீச்சுக்குப் புற்றுநோய் அணுக்களை இன்னும் இளக்கிக் கொடுக்கிறது. அதே நேரம் மச்சையையும் அடிக்கிறது. கதிரும் மருந்தும் சேரும்போது வெண்குழியங்களும் சிறுதட்டுகளும் குறையும் அபாயம் கதிர் மட்டும் பெறுபவர்களைவிடத் தெளிவாகவே கூடுதல்.

அப்படியானால் மருந்து எதற்கு? மும்பை டாடா நினைவு வைத்தியசாலையில், நோய் 3பி நிலைக்கு முற்றிய 850 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. கதிரோடு சிஸ்பிளாட்டினும் பெற்றவர்களில் 54 வீதமானோர் ஐந்து ஆண்டுகளின் பின்னரும் உயிருடன் இருந்தார்கள். கதிர் மட்டும் பெற்றவர்களில் அது 46 வீதம். எங்கள் பெண்களைப் போலவே ஏழ்மையோடும் பிந்திய நிலையிலும் வந்த பெண்களிடம் கிடைத்த முடிவு என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். நூறு பேரில் எட்டுப் பேரின் உயிர் என்பது சிறிய இலாபம் அல்ல.

துண்டுக் கடதாசியை எப்படி வாசிப்பது?

சிகிச்சைக் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது எடுக்கப்படும் எப்.பி.சி. பரிசோதனைத் துண்டில் நிறைய எண்கள் இருக்கும். நான்கை மட்டும் பார்த்தால் போதும்.

ஹீமோகுளோபின்: பெண்களுக்கு 12க்கு மேல் இருக்க வேண்டும். 10க்குக் கீழே போனால் வைத்தியருக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். 8க்குக் கீழே போனால் அது கடுமையான குறைவு.

மொத்த வெண்குழியம்: 4,000 முதல் 11,000 வரை இயல்பு. கதிர்வீச்சுக் காலத்தில் 3,000 அளவில் நிற்பது சாதாரணமாகக் காணப்படுவது. 2,000க்குக் கீழே கடுமையானது.

நியூட்ரோபில்: 2,000க்கு மேல் இயல்பு. 1,000க்குக் கீழே எச்சரிக்கை. 500க்குக் கீழே ஆபத்து.

சிறுதட்டு: ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இயல்பு. ஐம்பதாயிரத்துக்குக் கீழே கடுமையான குறைவு. இருபத்தைந்தாயிரத்துக்குக் கீழே தானாகவே குருதி கசியக்கூடிய நிலை.

எண்கள் குறைந்தால் பெரும்பாலும் முதலில் தள்ளிப்போடப்படுவது சிஸ்பிளாட்டின் மருந்துதான். கதிர்வீச்சு அல்ல. "இந்த வாரம் மருந்து இல்லை" என்று சொன்னால் சிகிச்சை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மறுநாள் காலையில் கதிருக்குப் போக வேண்டும். இந்த ஒரு வசனம் தமிழில் சொல்லப்படாததால் மட்டும் ஊருக்குத் திரும்பிய பெண்களை எனக்குத் தெரியும்.

கதிர்வீச்சில் நாள் தவறுவது ஏன் இவ்வளவு பெரிய விடயம்? வெளிக்கதிர், உட்கதிர் இரண்டும் சேர்ந்து எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் இடுப்பில் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஒரு வீதம் வரை குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இடைவெளியில் எஞ்சியுள்ள புற்றுநோய் அணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குவதே காரணம். ஒரு வாரம் தோட்டத்துக்குப் போய் வருவது அவ்வளவு சிறிய விடயமல்ல.

ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாத நிலைகள்

முதலாவது, காய்ச்சல். சிகிச்சைக் காலத்திலோ முடிந்து சில வாரங்களுக்குள்ளோ உடல் வெப்பம் 38 பாகை செல்சியசுக்கு மேல் போனால், அல்லது உடல் நடுங்கிக் குளிர் எடுத்தால், அது அவசர நிலை. நியூட்ரோபில் குறைந்த உடலில் கிருமி சில மணி நேரத்திலேயே குருதி முழுவதும் பரவிவிடும். சீழ் பிடிப்பதற்குக்கூட வெண்குழியம் வேண்டும் என்பதால், வீக்கமோ சளியோ ஒன்றும் வெளியே தெரியாமலே இருக்கலாம். காய்ச்சல் மட்டுமே எச்சரிக்கையாக இருக்கும். தோட்டத்தில் காய்ச்சல் என்றால் இரண்டு பெனடோலைப் போட்டுப் படுப்பதே பழக்கம். இந்தப் பெண்களுக்கு அது கூடாது. பெனடோல் காய்ச்சலை இறக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. எச்சரிக்கை மணியை நிறுத்திவிட்டு நெருப்பை எரியவிடுவது போன்றது அது.

இரண்டாவது, குருதிக் கசிவு. பல் முரசிலிருந்தும் மூக்கிலிருந்தும் நிற்காமல் வரும் குருதி, தோலில் ஊசிமுனை அளவில் தோன்றும் சிவப்புப் புள்ளிகள், அடிபடாமலே வரும் கண்டல், கறுத்த மலம், துணி நனையுமளவு பிறப்புறுப்பிலிருந்து வரும் குருதி.

மூன்றாவது, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, திடீரென மூச்சு வாங்குவது, நெஞ்சு நோ. இடுப்புப் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கால் நாளங்களில் குருதி உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறினால் உயிராபத்து.

இந்த மூன்றில் எது வந்தாலும் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். வண்டி ஏற முடியாத லயமாக இருந்தால் பிரதான பாதை வரை நோயாளியைக் கொண்டுவர ஆட்களைச் சேர்த்து வையுங்கள். டிக்கோயா, நுவரெலியா என எந்த அரச வைத்தியசாலைக்குப் போனாலும் வாயில் முதலில் வர வேண்டிய வசனம், "இவங்க கேன்சருக்குக் கரண்ட் புடிக்கிறவங்க" என்பதே. கிளினிக் கொப்பி கையில் இருக்க வேண்டும்.

உடம்பு நோவுக்கு மருந்துக் கடையில் கேட்காமலே கொடுக்கும் டைக்ளோபெனாக், அஸ்பிரின், இபுபுரூபன் வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். அவை சிறுதட்டின் வேலையைக் கெடுக்கும். சிஸ்பிளாட்டின் பெறுபவர்களின் சிறுநீரகத்துக்கும் அவை கேடு. பப்பாசி இலைச் சாறு குடித்தால் எண் ஏறிவிடும் என்று காத்திருப்பதும் வேண்டாம்.

சாப்பாடும் உடம்பும்

முட்டை, நெத்தலி, ஈரல், கடலை, பயறு என்பன குருதிக்கு நல்லவை. கொய்யாவும் தேசிக்காயும் இரும்பைச் சேர்க்க உதவும். ஆனால் ஒரு கவனம் தேவை. இடுப்புக்குக் கதிர் படும்போது இரண்டு, மூன்று வாரங்களில் வயிற்றோட்டம் வருவது சகஜம். அந்த நாட்களில் கீரையையும் முழுப் பயறையும் அளவுக்கு மீறிக் கொடுத்தால் வயிற்றோட்டம் கூடி உடல் வற்றும். அப்போது சோறு, உருளைக்கிழங்கு, முட்டை, மீன் போதும். கீரை பின்னர் சாப்பிடலாம். எண்கள் குறைந்திருக்கும் வாரங்களில் பச்சையாக எதையும் சாப்பிடாமல், தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் இதில் விலக்கு இல்லை.

வீட்டார் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று. வெளிக்கதிர் பெற்ற பெண்ணின் உடலில் கதிர் தங்குவதில்லை. அவள் பிள்ளையைத் தூக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம். அவளுக்கு வேறு கோப்பை வைக்க வேண்டிய அவசியமில்லை. அவளிடமிருந்து யாருக்கும் ஒன்றும் வராது. மாறாக, சளியும் காய்ச்சலும் உள்ளவர்களிடமிருந்து அவளைத்தான் பாதுகாக்க வேண்டும்.

கதிர்வீச்சுக்குப் பின் மாதவிடாய் நின்றுவிடும்போது "ரத்தம் வத்திப்போச்சி" என்று கலங்குபவர்களும் உண்டு. கதிர் பட்டதால் சூலகம் வேலையை நிறுத்திக்கொண்டதே அதற்குக் காரணம். அதற்கும் உடலிலுள்ள குருதியின் அளவுக்கும் தொடர்பில்லை.

சிகிச்சை முடிந்த பிறகு

கவ்வாத்து வெட்டிய மலை மீண்டும் கொழுந்துக்கு வர மாதங்கள் எடுக்கும். மச்சையும் அப்படியே. வெண்குழியமும் சிறுதட்டும் பொதுவாகச் சில வாரங்களில் மீண்டுவிடும். இடுப்பு எலும்பில் கடுமையாகக் கதிர் பட்ட மச்சை கொழுப்பாக மாறி, திரும்ப வராமலே போகலாம். மற்ற எலும்புகள் அந்த வேலையைப் பொறுப்பேற்றுக்கொள்ளும். அதனால் அன்றாட வாழ்க்கைக்குக் குறை வராது. ஆனால் பின்னொரு நாள் வேறு மருந்து ஏற்ற வேண்டி வந்தால் எண்கள் விரைவாகக் குறையக்கூடும். எனவே பழைய சிகிச்சைக் கடதாசிகளை எறிந்துவிடக் கூடாது.

மாதங்களோ ஆண்டுகளோ கழிந்து மலத்திலோ சிறுநீரிலோ குருதி வரலாம். குடலின் கீழ்ப்பகுதியிலும் சிறுநீர்ப்பையிலும் கதிரால் மெலிந்த நாளங்கள் கசிவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். நோய் திரும்பியதாகவும் இருக்கலாம் என்பதால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூல வியாதி என்று நாட்டு மருந்து குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுகுடலின் கடைப்பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்து, ஆண்டுகள் கழித்து இன்னொரு வகைக் குருதிச்சோகை வரலாம். அதற்கு இரும்பு மாத்திரை உதவாது. ஊசி வேண்டும்.

கதிரை நோயிருக்கும் இடத்துக்கு மட்டும் வளைத்துக் கொடுக்கும் புதிய முறைகள் இந்தப் பாதிப்புகளைக் குறைக்கின்றன. சத்திர சிகிச்சைக்குப் பின் கதிர் பெற்ற பெண்களிடம் டாடா நினைவு வைத்தியசாலை நடத்திய ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவில், மூன்று ஆண்டுகளில் குடல் பாதிப்பு பழைய முறையில் 42 வீதமாகவும் புதிய முறையில் 21 வீதமாகவும் இருந்தது. மச்சையைத் தவிர்த்துக் கதிர் கொடுப்பதும் இதே வழியில் சாத்தியமாகி வருகிறது.

தூரமும் ஒரு பக்கவிளைவுதான்

மஸ்கெலியாவிலிருந்தோ டயகமவிலிருந்தோ கண்டிக்கு நாள்தோறும் போய் வருவது நோயாளிக்கு நடக்கிற காரியம் அல்ல. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. ஆனால் பேர் விழாத நாளுக்கு அது எவ்வளவாக உயர்ந்தாலும் பயனில்லை. துணைக்குப் போகும் மகளுக்கும் பேர் இல்லை. 2022 நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் பஸ் நின்றபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மண்சரிந்து மலையகப் பாதைகள் மூடப்பட்டபோதும், எட்டு வாரக் கணக்கு யாருக்காகவும் நிற்கவில்லை.

ஆகவே விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற இடம் கேட்பது தயங்க வேண்டிய விடயமல்ல. முதல் நாளிலேயே கேட்க வேண்டும். நோய் உதவிப் பணத்துக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். தொழிற்சங்கத் தலைவர்மார் சந்தா வாங்கும் வீடுகளில் இந்தக் கடிதங்களை எழுதிக் கொடுப்பதும் அவர்கள் வேலைதான்.

இன்னும் நல்லது, இந்த நோயே வராமல் தடுப்பது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குச் செய்யப்படும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996ஆம் ஆண்டு முதல் இலவசமாக நடக்கிறது. தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளைச் சொல்வார். 2017 முதல் பாடசாலைகளில் ஆறாம் தரத்து மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியும் போடப்படுகிறது. படிவம் வந்தால் கையொப்பம் வையுங்கள்.

சுகாதாரத் துறையிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. பெரிய செலவில்லை. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, மருந்து தள்ளிப்போனாலும் கதிருக்கு வர வேண்டும், எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்ற மூன்றையும் தமிழில் அச்சிட்ட ஓர் அட்டை, இடுப்புக் கதிர்வீச்சு தொடங்கும் ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணின் கிளினிக் கொப்பியிலும் ஒட்டப்பட வேண்டும். அது வரும் வரை, இந்தக் கட்டுரையின் அந்தப் பகுதிகளை ஒரு தாளில் எழுதி, உங்களுக்குத் தெரிந்த நோயாளியின் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். ரத்தம் குறைந்தால் ஏற்றிக்கொள்ளலாம். கதிருக்குப் போகாமல் விட்ட நாளைத் திரும்பப் பெற முடியாது.